அமோனியா கலவைக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஏன் பெரிதாகிறது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கப்பலூரில் உள்ள எங்கள் பட்டறைக்கு வரும் ஆலைக்காரர்கள் பலர், பாய்லர் புகையில் வீணாகும் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க வழி கேட்கிறீர்கள். அந்தச் சூட்டில் ஒரு திரவத்தைக் கொதிக்க வைத்து, அதன் ஆவியால் டர்பைனைச் சுழற்றுவதுதான் வழி. புகையின் சூட்டைத் திரவத்துக்கு மாற்றும் கருவி ஹீட் எக்ஸ்சேஞ்சர். ஒற்றைத் திரவத்துக்குப் பதில் அமோனியா–தண்ணீர் கலவைக்குக் கொட்டேஷன் கொடுத்ததும் வரும் கேள்வி: "அதே சூடுதானே, ஹீட் எக்ஸ்சேஞ்சர் மட்டும் ஏன் இரண்டு மடங்கு?" கேட்க வேண்டிய கேள்விதான்.

சாதாரண அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். அமோனியா மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும். இரண்டையும் கலந்தால் ஒரே சூட்டில் நின்று கொதிக்காது, கொதிக்கக் கொதிக்கச் சூடு ஏறிக்கொண்டே போகும். புகையின் சூடு இறங்க, கலவையின் சூடு அதை ஒட்டியே ஏறும். அதனால் அதே புகையிலிருந்து டர்பைன் கூடுதல் மின்சாரம் தருகிறது. இப்படிக் கலவையைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் முறைக்குக் கலினா சுழற்சி என்று பெயர்; அதன் பலமே இதுதான். ஐஸ்லாந்தின் ஹுசாவிக் ஊரில் 2000-இல் வந்த மின் நிலையம் 120 டிகிரியை ஒட்டிய வெந்நீரைக் கொண்டு இப்படி ஓடியது.

ஆனால் சூட்டைத் தள்ளுவது புகைக்கும் கலவைக்கும் இடையே உள்ள சூட்டு வித்தியாசம். இரண்டும் ஒட்டியே போவதால் அது சுருங்குகிறது; சுருங்கினால் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் பரப்பைக் கூட்டியாக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ட்யூப் சுவரருகே அமோனியா முந்திக்கொண்டு ஆவியாகிவிட, அங்கே தண்ணீர்தான் அதிகம் மிஞ்சும். உள்ளே இருக்கும் அமோனியா அதைத் தாண்டி வர வேண்டும். மாட்டுத்தாவணியில் இறங்க வேண்டியவர் பஸ்ஸின் நடுவில் நிற்க, இறங்காதவர்கள் படிக்கட்டை அடைத்து நிற்பது மாதிரி. அதனால் சூடு கடத்தும் திறன், இரண்டு திரவங்களின் சராசரியைவிடவும் கீழே போய்விடும். டர்பைனைத் தாண்டி வரும் ஆவியைக் குளிர்வித்துத் திரும்பத் திரவமாக்கும் கண்டென்சரிலும் இதே கதைதான்: இன்னும் திரவமாகாத அமோனியா ஆவி சுவரருகே திரண்டு மறிக்கும்.

ஒரு கணக்கு பாருங்கள். 500 கிலோவாட் சூடு. ஒரு சதுர மீட்டர், ஒரு டிகிரிக்கு 1000 வாட் கடத்தும். வித்தியாசம் 10 டிகிரி. 50 சதுர மீட்டர் போதும். கலவையில் அந்த 1000 என்பது 700 ஆகி, 10 என்பது 7 ஆனால் 102 சதுர மீட்டர் வேண்டும்.

ஆரம்பத்தில் நாங்கள் இரு முனைச் சூட்டை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு, ஓர் ஆலைக்குச் சிறிதாகச் செய்து கொடுத்துவிட்டோம். கலவையின் சூடு நேர்கோடாக ஏறாது; நடுவில் ஓரிடத்தில் புகையை மிகவும் நெருங்கிவிடும். அங்கேதான் மாட்டிக்கொண்டோம். அப்புறம் எங்கள் செலவில் இன்னொன்று சேர்த்துக் கொடுத்தோம். இப்போது துண்டு துண்டாகப் பிரித்துக் கணக்கிட்டு, அந்தத் தாளைக் கொட்டேஷனோடு தருகிறோம். வேறு இடத்தில் வாங்கினாலும் அதைக் கேட்டு வாங்குங்கள்.

செம்பு, பித்தளை ட்யூப் மட்டும் வேண்டாம், அமோனியா அரித்துவிடும். குளிர்விக்க ஓடும் போர்வெல் தண்ணீரின் உப்பு படிவதற்கும் கண்டென்சரில் கொஞ்சம் கூடுதல் பரப்பு விடுகிறோம். உங்கள் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையை அனுப்பினால், எவ்வளவு விட வேண்டும் என்று சரியாகச் சொல்லிவிடுவோம்.