விமானத்தில் ஈரப்பதம்: மலிவு சென்சாரை எந்த உயரம் வரை நம்பலாம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயணிகள் விமானங்களில் குறைந்த விலை சென்சார்களைப் பொருத்தி, காற்றின் ஈரப்பதத்தை அளக்கலாம் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல யோசனை. மதுரைக்கு அவசியமான யோசனையும்கூட. ஆனால் அந்தச் சென்சார் சொல்வதை எந்த உயரம் வரை நம்பலாம் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. கருவியியல் ஆய்வகத்தில் பல வருடங்கள் அளவுத்திருத்தம், அதாவது கருவி காட்டும் அளவு சரியா என்று சோதித்துத் திருத்தும் முறை, சொல்லிக்கொடுத்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

2024 அக்டோபர் 25 பிற்பகலில் மதுரையில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்று அதிகாலைதான் டானா புயல் ஒடிசாவில் கரையைக் கடந்திருந்தது. எல்லார் கவனமும் அங்கே இருந்தது. இங்கே செல்லூரிலும் பந்தல்குடி வாய்க்காலை ஒட்டிய தெருக்களிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. இப்படி மதியத்துக்கு மேல் திரண்டு, ஒரு பகுதியில் மட்டும் கொட்டித் தீர்க்கும் இடிமழையைக் கணிக்க, தரையிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் உயரம் வரை எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். அதை அளக்கும் பலூன்கள் சென்னை, காரைக்கால், திருவனந்தபுரம் போன்ற இடங்களிலிருந்து பறக்கின்றன. உலகம் முழுவதும் அதற்கு வழக்கமான நேரங்கள் இரண்டு. நம் கடிகாரப்படி காலை ஐந்தரையும் மாலை ஐந்தரையும். மதுரையில் மேகம் திரள்வது மதியம் இரண்டு மூன்று மணிக்கு.

பெருங்குடி விமான நிலையத்திலோ பகல் முழுக்க விமானங்கள் ஏறி இறங்குகின்றன. ஏறும் ஒவ்வொரு விமானமும் ஒரு பலூன் செய்யும் வேலையைச் செய்ய முடியும். காற்றின் வேகத்தையும் வெப்பநிலையையும் விமானங்கள் ஏற்கனவே அளக்கின்றன. ஈரப்பதத்தை அளப்பதில்லை, ஏனென்றால் விமானம் ஓட்ட அது தேவையில்லை. அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களில் லேசர் ஈரப்பதமானி வைத்திருக்கிறார்கள். அதன் விலை அதிகம். அதனால்தான் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிப் சென்சார் மேல் எல்லாருக்கும் கண்.

அந்தச் சென்சாருக்குள் இருப்பது ஒரு மெல்லிய பாலிமர் படலம். காற்றில் உள்ள நீராவியை அது உறிஞ்சும்போது அதன் மின்தேக்குத்திறன், அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் திறன், மாறும்; அந்த மாற்றத்தை ஈரப்பதமாகக் கணக்கிடுகிறோம். அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதே இந்த ஈரப்பதம். அதில் பிழை இரண்டு மூன்று சதவீதம். மழைக்காலத்து மதுரைக் காற்றில், பத்து லட்சம் மூலக்கூறுகளில் ஏறக்குறைய முப்பதாயிரம் நீர் மூலக்கூறுகள். அங்கே இந்தப் பிழை ஒரு பொருட்டே இல்லை. பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துக்குப் போனால் அதே பத்து லட்சத்தில் நீரின் பங்கு நூறு இருந்தாலே பெரிது. பதினேழு பதினெட்டு கிலோமீட்டர் தாண்டினால் நான்கைந்துதான்.

அளவு குறைவது மட்டும் சிக்கல் இல்லை, வேகமும் சிக்கல். ஜெட் விமானம் நொடிக்கு 230 மீட்டர் வேகத்தில் போகும்போது, எதிரே வரும் காற்று சென்சார் கூட்டுக்குள் மோதி நின்று 26 டிகிரி சூடாகிறது. வெளியே மைனஸ் 55 டிகிரியில் பனிக்கட்டி உருவாகும் அளவுக்கு ஈரம் நிறைந்திருக்கும் காற்று, கூட்டுக்குள் வந்ததும் ஆறு ஏழு சதவீத ஈரப்பதம்தான் காட்டும்; சூடான காற்று இன்னும் அதிக நீராவியைத் தாங்கும் அல்லவா. மூன்று சதவீதப் பிழை உள்ள கருவியால் ஆறு சதவீதத்தை அளந்து என்ன செய்வது? போதாததற்கு அந்தக் குளிரில் படலம் மந்தமாகி, கீழே குடித்த ஈரத்தைக் கக்க நிமிடக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். காற்றைக் கொண்டுவரும் குழாய் நைலானாகவோ ரப்பராகவோ இருந்தால் அதுவும் ஈரத்தைக் கசியவிடும். அப்புறம் நாம் அளப்பது வானத்தையா, பெருங்குடியிலிருந்து ஏற்றிக்கொண்டு போன ஈரத்தையா?

ஐரோப்பியர்கள் 1994 முதல் மொசைக் திட்டத்தில் இதே வகைப் படலத்தைப் பயணிகள் விமானங்களில் பறக்கவிட்டு நல்ல தரவு எடுத்தார்கள். உண்மைதான். ஆனால் ஜெர்மனியின் யூலிச் ஆய்வகத்தில், மேல்வானத்தின் குளிரையும் அழுத்தத்தையும் உண்டாக்கும் அறைக்குள் வைத்து அந்தச் சென்சார்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். சென்சார் மலிவு, அதை நம்பத் தகுந்ததாக வைத்திருப்பது மலிவல்ல.

நம் பாலிடெக்னிக்குகளில் செய்யக்கூடியது உப்புக்கரைசல் முறை. மூடிய கலத்துக்குள் நிறைசெறிவான சாப்பாட்டு உப்புக் கரைசல் வைத்தால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும், மக்னீசியம் குளோரைடு வைத்தால் 33, லித்தியம் குளோரைடு வைத்தால் 11; சென்சாரும் அதையே காட்டுகிறதா என்று பார்க்கலாம். அதற்குக் கீழே இந்த முறையில் இறங்குவது கடினம். ஜெட் விமானத்தின் பறப்பு உயரத்தில் நமக்கு வேண்டியதோ பெரும்பாலும் அதற்குக் கீழேதான்.

ஆகவே என் கோரிக்கை இது. மதுரையிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் பறக்கும் ஏடிஆர் என்ற சிறிய விசிறி விமானங்களில் முதலில் பொருத்துங்கள். அவை ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்தில், ஜெட்டைவிட மெதுவாகப் பறப்பவை. தரையிறங்கும் வேகத்தில் காற்று இரண்டு டிகிரிதான் சூடாகும். மழைக்கு வேண்டிய ஈரத்தில் பெரும்பகுதி அந்த உயரத்துக்குள்ளேயே இருக்கிறது. கழற்றி மாற்றும் சென்சார்களைச் சரிபார்க்கும் வேலையை மதுரைச் சுற்றுவட்டாரக் கல்லூரிகளுக்குக் கொடுங்கள். பிள்ளைகள் ஆசையாகச் செய்வார்கள். 2024 செப்டம்பரில் 2,000 கோடி ரூபாயுடன் ஒப்புதல் பெற்ற, மத்திய அரசின் வானிலைக் கணிப்புக்கான மிஷன் மௌசம் திட்டத்தில் இதற்கு ஒரு சிறு பங்கு போதும்.

மேல்வானத்து நுண்ணளவு ஈரத்துக்கு லேசரும், குளிரவைத்த கண்ணாடியில் பனி படியும் வெப்பநிலையை வைத்து அளக்கும் உறைபனிக் கண்ணாடிக் கருவியும்தான் சரி. விமானம் விட்டுச் செல்லும் வெண்புகைக் கோடு கலையாமல் நின்று பூமியைச் சூடாக்குமா என்பதை அந்த நுண்ணளவுதான் தீர்மானிக்கிறது. தவறான அளவை நம்பி, கோடு நிற்கும் பகுதியைத் தவிர்க்க விமானத்தைச் சுற்றுவழியில் அனுப்பினால் எரிபொருள்தான் வீண்.

இத்திட்டத்தைப் பற்றி மேற்கொண்டு எழுதும்போது, எந்த உயரத்துக்கு மேல் மலிவு சென்சாரின் அளவை ஏற்கப்போவதில்லை என்று வானிலைத் துறையிடம் கேட்டு, அந்த எண்ணையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கருவியியல் ஆசிரியர்,
அவனியாபுரம், மதுரை.