வில்லுக்கு அதன் இரவைத் திருப்பிக் கொடுங்கள்

எங்கள் ஊர்க் கோயில் கொடைக் கமிட்டிப் பெரியவர்களுக்கும் வரிதாரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வாக்கப்பட்டு வெளியூர் போன பிறகும் கொடைத் திருவிழாவுக்குத் தவறாமல் வந்து நிற்கிற உங்கள் ஊர்ப் பிள்ளை எழுதுகிறேன். போன கொடையில் வில்லுப்பாட்டைச் சாயங்காலம் ஆறரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கே முடிக்கச் சொல்லிவிட்டீர்கள். பாட்டுக் கச்சேரிக்காரர்களுக்கு மேடை வேண்டியிருந்தது. வில்லடித்துப் பாடுகிற புலவர் அப்போது முத்துப்பட்டன் கதையில் கல்யாணக் கட்டத்தில்தான் இருந்தார். மாடு களவு போன சேதி வரவில்லை, பட்டன் கிளம்பவில்லை, சாகவும் இல்லை. அப்படியே வாழி பாடி எழுந்தார்கள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

சின்ன வயதில் ஆச்சி என்னை மடியில் போட்டுக்கொண்டு வில்லு முன்னால் உட்காருவாள். நான் வில்லைப் பார்க்க மாட்டேன், குடத்தைத்தான் பார்ப்பேன். அடிக்கிற பத்தி மட்டை குடத்தின் வாயில் விழும்போது வருகிற அந்தச் சத்தம் காதுக்கு வருமுன் வயிற்றில் கேட்கும். புலவர் வீசுகோலை வில்லில் போட்டதும் மணியெல்லாம் சேர்ந்து அதிரும், உடுக்கு ஒரு தரம் விம்மி அடங்கும். பிறகு கதை. பக்கப்பாட்டுக்காரர் ஒவ்வொரு அடிக்கும் ‘ஆமா’ போடுவார். தூங்கிப்போவேன். நடுச்சாமத்தில் ஆச்சி உலுக்கி எழுப்புவாள்: “எந்திட்டி, பட்டன் சாவப் போறான்.”

அந்த நேரத்துக்குத்தான் சாமியாடுகிற கோமரத்தாடிக்கு அருள் வரும். மறைந்திருந்தவன் பட்டனைக் குத்திச் சாய்க்கிறதைப் புலவர் பாடப் பாட உடுக்கு வேகம் ஏறும், குலவை எழும், பெண்கள் அழுவார்கள். செத்தவன் அங்கேதான் சாமியாகிறான். நம் கொடையில் கதை நேரம்போக்குக்குப் பாடுவது இல்லை. பிறப்பிலிருந்து சாவு வரை பாடித்தான் சாமியை இறக்குகிறோம். பாதியில் நிறுத்தினால் எந்தச் சாமிக்குக் கொடை கொடுத்தோம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட வாசலை மிதிக்காத என் ஆச்சிக்குச் சாதி என்றால் என்ன என்று தெரிந்தது இந்தக் கதையில்தான். பிராமணப் பிள்ளை முத்துப்பட்டன், சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டுவதற்காகக் குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிந்து செருப்புத் தைக்கப் படிக்கிறான். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் என்ற சாமியாகிவிட்ட அவனுக்கு இன்றைக்கும் ஜனங்கள் செருப்பு நேர்ந்து கட்டுகிறார்கள். ஆச்சி என்னைக் கூட்டிப்போய் அந்தச் செருப்புகளைத் தொட்டுக் கும்பிடச் சொன்னாள். எட்டு வயதில் கும்பிட்ட அந்தக் கை எனக்கு எத்தனையோ விஷயங்களைக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

இப்போது நான் எட்டாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். பாடத்தை அப்படியே வாசித்தால் பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்கிறார்கள். அதனால் ஒருத்தனை ‘ஆமா’ போட வைத்திருக்கிறேன். நான் ஒரு அடி சொல்ல, அவன் திருப்பிக் கேட்க, வகுப்பு முழுக்கக் காதாகிறது. கட்டபொம்மன் பிடிபட்ட பாடத்தைச் சட்டென்று சொல்லிவிட மாட்டேன், புலவர் சாவை எப்படித் தள்ளித் தள்ளிக் கொண்டுபோவாரோ அப்படிக் கொண்டுபோவேன். பயிற்சிக் கல்லூரியில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

சத்திரம் புதுக்குளத்துக்காரர், வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகத்துக்கு 2021-இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது நம் ஊரில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் வில்லை எடுத்துப்போனவர் அவர். 2022-இல் போய்விட்டார். ஆனால் மேடையில் ஒரு மணி நேரம் பாடுகிற வில்லு வேறு, சாமி முன்னால் விடிய விடியப் பாடுகிற வில்லு வேறு. இரண்டாவதை நாம் நடத்தாவிட்டால் வேறு யாரும் நடத்தப்போவதில்லை.

பாட்டுக் கச்சேரி வேண்டாம் என்று சொல்லவில்லை. இளவட்டங்களுக்கு ஆசை இருக்கும், மறுநாள் ராத்திரி வைத்துக்கொள்ளட்டும். கொடையன்று ராத்திரி பத்து மணியிலிருந்து நடுச்சாமத்துப் பூசையான சாமக்கொடை முடியும் வரை வில்லுக்கு விடுங்கள். புலவரிடம் முன்கூட்டியே பேசி, முழுக் கதைக்கு உரிய சம்பளம் கொடுங்கள். கூடுதல் செலவு வந்தால் எங்கள் வீட்டுத் தலைக்கட்டு வரியோடு என் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.

வருகிற கொடைக்கு என் மகளையும் கூட்டி வருகிறேன். அவளுக்கு ஏழு வயது. நடுச்சாமத்தில் அவளை நான் எழுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பிள்ளை