இரண்டுமே அரசுப் பல்கலைக்கழகம்தானே?

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மற்ற கதைகளை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். பெரியவள் விஷயத்தில் நாள் கடத்த முடியாது என்பதால் முதலில் அதற்கு வருகிறேன்.

வேதியியலை விட்டுக் கடலியலுக்குப் போக வேண்டும், அது அவள் இப்போது படிக்கும் இடத்தில் இல்லை, அதனால் முதலாண்டு முடிந்ததும் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்புகிறாள் என்று எழுதியிருக்கிறாய். கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. என்ன படிக்க வேண்டும் என்று பதினெட்டு வயதில் இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. அவளைத் தடுக்காதே.

ஆனால் நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னை உட்காரவைத்து எழுத வைக்கிறது: “இரண்டுமே அரசுப் பல்கலைக்கழகம்தானே, இங்கே படித்தது அங்கே செல்லாமலா போகும்?” மாற்றல் விண்ணப்பங்களைப் பார்க்கும் வேலையில் இத்தனை வருடம் இருந்துவிட்டேன். பிள்ளைகளும் பெற்றோரும் அதிகம் அடிபடுவது இந்த நம்பிக்கையால்தான். பணம் தருவது அரசாக இருக்கலாம், பட்டம் தருவது அந்தந்தப் பல்கலைக்கழகம். எந்தப் பாடத்தை ஏற்பது என்பதை அதன் பாடக்குழுவும் துறையும்தான் முடிவு செய்யும். அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை கல்வி நிலையம் மாறிய மாணவர்கள் தாங்கள் சேர்த்த கிரெடிட்டுகளில், அதாவது முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் அலகுகளில், சராசரியாக 43 சதவீதத்தை இழந்ததாக அதில் மதிப்பிட்டிருந்தார்கள். ஓர் அரசு நிலையத்திலிருந்து இன்னோர் அரசு நிலையத்துக்கே போனவர்கள்கூட 37 சதவீதம் இழந்திருக்கிறார்கள். அவர்கள் தேர்ச்சி பெற்று முடித்த பாடங்கள் இவை!

இதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளம் இருக்கிறது. உன் கிரெடிட்டை ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வரும். வீட்டில் எல்லோரும் கொண்டாடுவார்கள். ஏற்றுக்கொள்வது ஒன்று, அது பட்டத்தின் கட்டாயப் பாடக் கணக்கில் சேர்வது வேறொன்று. நான் பார்த்த ஒரு கோப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. அந்தப் பையனுடைய முதலாண்டுப் பாடங்கள் அத்தனையும் ஏற்கப்பட்டிருந்தன. ஆனால் பாதிக்கு மேல் ‘விருப்பப் பாடம்’ என்ற தலைப்பில் போய் உட்கார்ந்துவிட்டன. மொத்தக் கணக்கில் எண் கூடியது. கட்டாயப் பாடப் பட்டியலிலோ பல வரிகள் நிரம்பவே இல்லை. கணிதத்தையும் இயற்பியலையும் முதலிலிருந்து எடுக்க வேண்டி வந்தது, படிப்பு ஒரு வருடம் நீண்டது. அதனால் பெரியவள் கேட்க வேண்டிய கேள்வி, “என் கிரெடிட்டுகளை ஏற்பீர்களா?” என்பது இல்லை. “கடலியல் பட்டத்தின் கட்டாயப் பட்டியலில் எந்தெந்த இடத்தை இவை நிரப்பும்?” என்று கேட்கட்டும். பதிலை எழுத்தில் வாங்கட்டும். தொலைபேசியில் யார் என்ன சொன்னாலும் அதற்கு மதிப்பில்லை.

எங்கள் மேசையில் உண்மையில் நடப்பதைச் சொல்கிறேன். பழைய இடத்தின் பாடத்திட்டத்தையும் புதிய இடத்தின் பாடத்திட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, பென்சிலோடு அலகு அலகாக ஒப்பிடுவார்கள். வகைநுண்கணிதம் இருக்கிறதா, தொகைநுண்கணிதம் எதுவரை போகிறது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆய்வகம் தனியாக உண்டா, எந்தப் பாடநூல். இயற்பியலில் பாடம் பொருந்தி, ஆய்வக நேரம் போதாமல் செய்முறையை மட்டும் திரும்பச் செய்தவர்கள் நிறையப் பேர். பாடத்தின் பெயரும் மதிப்பெண்ணும் மட்டும் உள்ள சான்றிதழை வைத்து இதில் எதையும் முடிவு செய்ய முடியாது. “பொது இயற்பியல் 1” என்ற பெயருக்குள் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே அவள் படித்த ஆண்டின் விரிவான பாடத்திட்டம், ஆய்வகப் பதிவேடு, வினாத்தாள்கள் எல்லாவற்றையும் இப்போதே எடுத்துப் பத்திரப்படுத்தச் சொல். அடுத்த ஆண்டு பாடத்திட்டம் மாறிவிட்டால் பழையதைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

முன்கூட்டியே ஒழுங்கு செய்துவைத்த இடங்களும் உலகத்தில் உண்டு. ஐரோப்பாவில் முழுநேரப் படிப்பின் ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் சமுதாயக் கல்லூரியின் எந்தப் பாடம் அரசுப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்குச் சமம் என்று பட்டியலே போட்டு எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் 2021-இல், மாணவர்கள் பெற்ற கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கிரெடிட் வங்கி வந்தது. சேர்த்த கிரெடிட் அதிகபட்சம் 7 ஆண்டு செல்லும். நல்ல ஏற்பாடுகள்தான், மனதார வரவேற்கிறேன். ஆனால் பொது அளவுகோல் உழைப்பின் அளவைத்தான் சொல்லும். உள்ளடக்கம் பொருந்துகிறதா என்று யாராவது உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும்.

காலத்தைப் பற்றி அவள் நினைப்பது சரி. மாறுவதென்றால் முதலாண்டு முடிவில் மாறுவதே நல்லது. பட்டம் தர வேண்டுமானால் குறிப்பிட்ட அளவு தங்களிடமே படித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் விதி வைத்திருக்கின்றன. எனவே மூன்றாம் ஆண்டில் மாறுகிறவர்கள் கையில் இருப்பதைப் பறிகொடுக்கிறார்கள். இன்னொன்று, பல இடங்களில் கிரெடிட் வரும், மதிப்பெண் சராசரி வராது. இப்போது அவள் எடுத்திருக்கும் நல்ல மதிப்பெண் சேர்க்கைக்கு உதவும். புதிய இடத்தில் சராசரி முதல் தேர்விலிருந்து தொடங்கும். உதவித்தொகை அந்தச் சராசரியைப் பொறுத்தது என்றால் இதைக் கட்டாயம் விசாரியுங்கள்.

முக்கியமாக, அங்கிருந்து எழுத்துபூர்வமான பதில் வரும்வரை இங்கே இடத்தை விட்டுவிடாதீர்கள். மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொண்டு காத்திருப்பது இரண்டுமில்லாமல் நிற்பதில் முடியலாம். தற்காலிக விடுப்பு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் கொடுக்கிறார்கள்.

போன பிறகு முதல் பருவம் அவளுக்குச் சிரமமாகத்தான் இருக்கும். மாறிப் போகிறவர்களுக்கு முதல் பருவத்தில் மதிப்பெண் இறங்குவதை ஆய்வாளர்கள் 1965-லேயே எழுதியிருக்கிறார்கள்; பெரும்பாலானோர் அப்புறம் மீண்டு வருகிறார்கள். எனக்கு மதிப்பெண்ணைவிடத் தனிமைதான் கவலை. ஆய்வகத்தில் எல்லோருக்கும் ஏற்கெனவே ஜோடி அமைந்திருக்கும், விடுதியில் குழுக்கள் உருவாகியிருக்கும், நடுவில் வந்தவளை யாரும் வரவேற்கக் காத்திருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் மதிப்பெண்ணைக் கேட்டு அவளைக் குடையாதே. வாரம் ஒருமுறை அவள் பேச, நீ கேள்.

இந்த மாதத்துக்குள் இரண்டு காரியம் செய். அவளுடைய இரண்டு பருவப் பாடத்திட்டங்களையும், அந்தக் கடலியல் பட்டத்தின் கட்டாயப் பாடப் பட்டியலையும் எனக்கு அனுப்பச் சொல். நானே பொருத்திப் பார்த்து, எது நிற்கும், எது நிற்காது என்று பாடவாரியாக எழுதி அனுப்புகிறேன். அடுத்த பருவத்தில் அவள் எடுக்கவிருக்கும் பாடங்களை இன்னும் பதியவில்லை என்றால் என்னைக் கேட்டுவிட்டுப் பதியட்டும். ஆய்வகத்தோடு கூடிய இயற்பியலை இங்கேயே எடுக்க வழியிருந்தால் மிகவும் நல்லது.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி