இந்த ஆண்டுப் புல்வெளிப் பயணத்தை ஏன் மாற்றினோம்?

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள ஃபிளிண்ட் ஹில்ஸ் மேடுகளுக்கிடையே, கே-177 நெடுஞ்சாலை வழியாக ஆண்டுதோறும் நாம் சேர்ந்து போகும் சைக்கிள் பயணத்தில் இந்த முறை மூன்று மாற்றங்கள் செய்திருக்கிறோம். ஏப்ரலில் நடந்துவந்த பயணம் மே மாத நடுவுக்குத் தள்ளிப்போகிறது. வடக்கே கவுன்சில் குரோவில் புறப்பட்டுத் தெற்கே காசடேயில் முடிந்த வழி, இனிக் காசடேயில் தொடங்கிக் கவுன்சில் குரோவில் முடியும். ஒரே நாளில் ஓட்டி முடித்த 48 மைலை, அதாவது சுமார் 77 கிலோமீட்டரை, இரண்டு நாளாகப் பிரித்திருக்கிறோம். பலர் தொலைபேசியில் காரணம் கேட்டீர்கள். எங்கள் சைக்கிள் கடையில் வேலைக்கு நடுவே சொன்ன பதில் போதாது என்று தோன்றியதால் இந்த மடலை எழுதுகிறோம்.

சென்ற ஏப்ரலில் நம்முடன் வந்தவர்களுக்கு அந்தப் பிற்பகல் நினைவிருக்கும். வழி நடுவே உள்ள காட்டன்வுட் ஃபால்ஸ் ஊரில் மதிய உணவை முடித்துத் தெற்கே கிளம்பியபோது காற்று முகத்திலேயே அடித்தது. பசார் என்ற சிற்றூரைக் கடப்பதற்குள் இறக்கத்தில்கூட மிதித்தால்தான் வண்டி நகர்ந்தது. மேட்ஃபீல்ட் கிரீனுக்கு முன்பே இரண்டு பேரின் தண்ணீர் புட்டிகள் காலியாகிவிட்டன. மேற்கே எரிந்துகொண்டிருந்த மேய்ச்சல் நிலத்தின் புகை சாலைக்கு வந்தபோது, ஆஸ்துமா உள்ள ஒருவரை வேனில் ஏற்றித் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அவருக்கு ஒன்றும் நேரவில்லை என்றாலும், காற்றின் திசையையும் எரிப்புக் காலத்தையும் முன்கூட்டியே யோசித்து நாளையும் வழியையும் தேர்ந்தெடுத்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான். அன்று வந்த அனைவரிடமும் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்கிறோம். கான்சஸில் வசந்தத்தின் பிற்பகுதியிலிருந்து கோடை முழுவதும் காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்தே வீசும். தமிழில் தென்றல் என்ற சொல்லைக் கேட்டாலே மென்மைதான் நினைவுக்கு வரும். இங்கே தெற்கிலிருந்து வருவது, தடுக்க மரங்கள் இல்லாத வெளியில் நாள் முழுவதும் ஒரே மூச்சாக அடிக்கும் பெருங்காற்று. இந்த மண்ணில் வாழ்ந்து மாநிலத்துக்கே தம் பெயரைக் கொடுத்த கான்சா மக்களின் பெயருக்குத் தெற்குக் காற்றின் மக்கள் என்றே பொருள் சொல்வார்கள். அந்தக் காற்றை எதிர்த்து 48 மைல் ஓட்டுவதற்கும், அதை முதுகில் வாங்கிக்கொண்டு ஓட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கால்கள் நன்றாக அறியும். ஆகவே தெற்கிலிருந்து வடக்கே போவதே முறை. முன்னறிவிப்பில் வடகாற்று என்று வந்தால், பயணத்துக்கு முந்தைய நாள் மாலையிலேயே உங்களுக்குச் செய்தி அனுப்பி வழியைத் திருப்பிவிடுவோம்.

அடுத்தது தீ. மார்ச்சிலும் ஏப்ரலிலும் இப்பகுதிப் பண்ணையாளர்கள் தம் மேய்ச்சல் நிலங்களுக்குத் தாங்களே தீ வைக்கிறார்கள். இதை விபத்து என்றோ அழிவு என்றோ எண்ணிவிட வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்கிறோம். இங்கே பெய்யும் மழை மரம் வளரப் போதுமானது; சில ஆண்டுகள் எரிக்காமல் விட்டால் செஞ்சிடார் மரங்களும் புதர்களும் புல்லை மூடிவிடும். பழைய சருகு எரிந்தால் கறுத்த தரை வெயிலில் விரைவில் சூடேறி, சில நாள்களிலேயே இளம்புல் தலைகாட்டும். அந்தப் புல்லை மேயும் மாடு நன்றாகக் கொழுக்கும். இந்தப் புற்களின் வேர்கள் மண்ணுக்குள் பத்தடிக்கும் அதிக ஆழம் இறங்கக்கூடியவை என்பதால், மேலே எரிவது அவற்றைத் தொடுவதில்லை. வெள்ளையர் வருவதற்கு முன்பே இம்மண்ணின் மக்கள் புல்வெளியை எரித்துக் காத்துவந்தார்கள். ஆனால் எந்த நிலம் எந்த நாள் எரியும் என்பதை அன்றைய காற்றும் ஈரமும்தான் முடிவு செய்யும். அதற்கேற்ப நம்மால் பயணத் திட்டம் போட முடியாது. மே நடுவில் தீயும் புகையும் ஓய்ந்து, மேடுகள் பச்சை பூத்து நிற்கும்.

அந்தப் பச்சை ஏன் இங்கே மட்டும் எஞ்சியது என்பதைத் தெரிந்துகொண்டு ஓட்டினால் சாலையின் ஒவ்வொரு வளைவுக்கும் பொருள் கூடும். ஒரு காலத்தில் வட அமெரிக்காவில் 17 கோடி ஏக்கர் பரப்பில் இருந்த நெடும்புல் வெளியில் இன்று 4 விழுக்காடுகூட மிஞ்சவில்லை. மிஞ்சியதில் பெரும்பகுதி இந்த மேடுகளில்தான் இருக்கிறது. அயோவா, இல்லினாய் மாநிலங்களில் கரிசல் போன்ற ஆழமான மண் இருந்ததால் ஏர் புல்லை வென்றது. இங்கே மேல்மண் மெல்லியது. அதற்கு அடியில் சுண்ணாம்புக்கல், அதன் நடுவே அடுக்கடுக்காகச் சக்கிமுக்கிக் கல், ஆங்கிலத்தில் ஃபிளிண்ட். ஏர்முனை அதில் இறங்கவில்லை. 1806-இல் இவ்வழியே வந்த அமெரிக்கப் படை அதிகாரி செபுலான் பைக் தம் குறிப்பேட்டில் இம்மேடுகளை இந்தக் கல்லின் பெயராலேயே குறித்தார்.

அதே கல்தான் உங்கள் டயரையும் பதம் பார்க்கிறது. கே-177 தார்ச்சாலைதான், இருந்தாலும் சரளைக் கிளைச்சாலைகள் வந்து சேரும் இடங்களில் வண்டிகள் இழுத்து வந்த கற்சில்லுகள் ஓரத்தில் சிதறிக் கிடக்கும். எங்கள் கடையில் வாடிக்கையாளர்களின் டயர்களிலிருந்து பிடுங்கிய சில்லுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம்: நகத்தளவுதான் இருக்கும், நீலம் கலந்த சாம்பல் நிறம், விரலை வைத்தால் சவரக்கத்தி போலக் கீறும் ஓரம். ஆகவே இம்முறை வாடகை வண்டிகள் அனைத்துக்கும் 32 மில்லிமீட்டர் டயர் மாட்டுகிறோம். சொந்த வண்டியில் வருவோர் தேய்ந்த டயரோடு வர வேண்டாம். மாற்று ட்யூப் இரண்டு கட்டாயம்.

இரண்டு நாளாக்கியதற்குக் காரணம் களைப்பு மட்டும் அல்ல. ஒரே நாளில் ஓட்டியபோது பார்க்க வேண்டியவற்றையெல்லாம் நாம் வேகமாகத் தாண்டிப் போனோம் என்ற குறை எங்களுக்கு நெடுநாளாக உண்டு. முதல் நாள் காசடேயிலிருந்து காட்டன்வுட் ஃபால்ஸ் வரை சுமார் 30 மைல். காட்டன்வுட் ஆற்றங்கரையில் அணையும் பழைய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 1914-இல் கட்டிய அந்தப் பாலத்தில் இப்போது வாகனங்கள் போவதில்லை என்பதால், மாலையில் அதன்மேல் நின்று அணையில் நீர் வழிவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அங்கிருந்து செங்கல் பாவிய கடைத்தெரு நேராக ஏறி, 1873-இல் கட்டி முடித்த சுண்ணாம்புக்கல் நீதிமன்றத்தின் வாசலில் போய் நிற்கும். இன்றும் வழக்கு நடக்கும் கட்டடம் அது. கான்சஸில் இவ்வாறு பயன்பாட்டில் உள்ள நீதிமன்றங்களில் அதுவே மிகப் பழையது. அதே 1873-இல்தான், இங்கிருந்து வடக்கே கவுன்சில் குரோவை ஒட்டி எஞ்சியிருந்த நிலத்திலிருந்தும் கான்சா மக்களை அகற்றி, இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பினார்கள். நிலத்தில் ஒரு பகுதியை அவர்களின் வழித்தோன்றல்கள் பிற்பாடு விலை கொடுத்து வாங்கி நினைவுப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். இரண்டாம் நாள் பயணத்தை முடித்தபின் விரும்புவோரை வேனில் அங்கே அழைத்துச் செல்வோம்.

இரண்டாம் நாள் ஓட்டம் குறைவு. இருபது மைல்கூட இராது. வழியில் வரும் ஸ்ட்ராங் சிட்டி என்ற ஊருக்கு வடக்கே இரண்டு மைலில், 1996-இல் தேசியக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஏறத்தாழ 11,000 ஏக்கர் நெடும்புல் வெளி இருக்கிறது. சைக்கிள்களை வரவேற்பு மையத்தில் நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் நடப்போம். 2009 முதல் அங்கே காட்டெருமைகள் மேய்கின்றன. அவை அசையாமல் நிற்பதைச் சாதுத்தனம் என்று கருதி எவரும் நெருங்கக் கூடாது. குழந்தைகளோடு வருவோர் இதைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

மே மாதத்துக்கும் ஒரு குறை உண்டு: அது இடிமழைக் காலம். ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத மேட்டில் மின்னலுக்கு நடுவே ஓட்ட யாரையும் அனுமதிக்க மாட்டோம். இடி கேட்டால் அனைவரும் வேனில் ஏறிவிட வேண்டும். புயல் எச்சரிக்கை இருந்தால் பயணம் மறு வாரத்துக்கு மாறும். தண்ணீரைப் பொறுத்தவரை, காசடேயை விட்டால் காட்டன்வுட் ஃபால்ஸ் வரை கடை கிடைக்கும் என்று நம்பி வர வேண்டாம். ஆளுக்கு மூன்று புட்டி எடுத்து வாருங்கள். வேனிலும் இரண்டு கேன் இருக்கும். சாலையோரத் தளம் எல்லா இடத்திலும் அகலமாக இல்லாததால் வரிசையாகவே போவோம். பின்விளக்கு பகலிலும் எரிய வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறன்று காசடேயில் மோட்டார் சைக்கிள்காரர்கள் பெருந்திரளாகக் கூடும் வழக்கம் இருப்பதால், அந்த நாளை எப்போதும் தவிர்க்கிறோம்.

மே மாதம் வர இயலாதவர்களுக்காகச் செப்டம்பர் கடைசியில் இன்னொரு பயணம் வைத்திருக்கிறோம். எங்களைக் கேட்டால், முதன்முறை வருவோருக்கு அதையே சொல்வோம். பிக் புளூஸ்டெம் புல் அப்போது ஆள் உயரத்துக்கு வளர்ந்து, செம்பு நிறமேறி, வான்கோழிக் கால்போல மூன்றாகப் பிரிந்த கதிரோடு நிற்கும். காற்று வீசும்போது மேடு முழுவதும் அலை ஓடும்.

ஏப்ரல் பயணத்துக்கு முன்பணம் கட்டியவர்கள் மே, செப்டம்பர் இரண்டில் எதற்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் முழுத் தொகையையும் திருப்பித் தருவோம். ஓரிரவு தங்கும் செலவை இந்த ஆண்டு நாங்களே ஏற்கிறோம். மூச்சுத் தொல்லை, இதய நோய் போன்றவை இருந்தால் தயங்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்கேற்ப வேனை உங்கள் குழுவின் பின்னாலேயே வரச் செய்வோம். எத்தனை பேர், சொந்த வண்டியா வாடகை வண்டியா, வாடகை என்றால் உயரம் எவ்வளவு என்ற விவரங்களை ஏப்ரல் இறுதிக்குள் தெரிவித்தால், வண்டிகளைச் சரிபார்த்து ஆயத்தமாக வைக்க எங்களுக்கு நேரம் கிடைக்கும்.

அன்புடன்,
உங்கள் சைக்கிள் கடையினர்
எம்போரியா, கான்சஸ்