எரியப்போகும் கலத்தில் ஒரு மூலை கொடுங்கள்

விண்வெளி நிறுவனங்களில் சரக்குப் பயணங்களைத் திட்டமிடுவோருக்கு,

வணக்கம். விண்வெளி நிலையத்துக்குப் பொருள் ஏற்றிச் செல்லும் கலங்களில் பெரும்பாலானவை திரும்பும் வழியில் எரிந்து சாம்பலாகின்றன. சிக்னஸ், புரோகிரஸ் இரண்டின் கதியும் அதுதான். ஆய்வு மாதிரிகளைக் கணிசமான அளவில் பத்திரமாக இறக்கித் தருவது டிராகன் மட்டுமே. இத்தனை அரிய ஆய்வுகள் ஒரே வாசலை நம்பிக் காத்திருப்பது எனக்குப் பெருங்கவலை தருகிறது.

2018 நவம்பரில் ஜப்பான் ஒரு மாற்றுவழி காட்டியது. எரியவிருந்த தன் ஏழாவது கூனோட்டோரி சரக்குக் கலத்திலிருந்து சிறு கூடு ஒன்றை விடுவித்தது. உள்ளே, வெந்நீர்க் குடுவைபோல் வெற்றிடச் சுவர் கொண்ட பெட்டியில், குளிர் மாறாமல் புரதப் படிகங்கள் வந்து சேர்ந்தன. எவ்வளவு அழகான யோசனை! ஆனால் அந்தக் கூட்டின் அகலம் 84 சென்டிமீட்டர்தான். காற்றில் நுழையும்போது எழும் வெப்பத்தைத் தாங்கும் கவசம் கெட்டியானது என்றால், கலத்துக்குள் எவ்வளவு இடமோ அவ்வளவுதான் அகலம்.

மடித்து வைத்து, வெளியே வந்தபின் வாயு நிரப்பி விரிக்கும் கவசத்துக்கு இந்தக் கட்டு இல்லை. அது அகன்று விரிவதால் காற்று மெலிந்த உயரத்திலேயே வேகம் தணியத் தொடங்கும். பரப்பில் ஒவ்வோர் அங்குலமும் தாங்கவேண்டிய வெப்பம் குறையும். 2022 நவம்பர் 10 அன்று நாசாவின் லோஃப்டிட் இதைச் சுற்றுப்பாதையிலிருந்தே செய்துகாட்டியது. காற்றடைத்த வளையங்களை அடுக்கி, சிலிக்கன் கார்பைடு இழைத்துணி போர்த்திய 6 மீட்டர்க் குடை அது. மணிக்கு 29,000 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து, ஹவாய் அருகே கடலில் மிதந்தது. துணி தாங்கியது! அதே ஆண்டு செப்டம்பரில் இஸ்ரோவும் தும்பாவிலிருந்து ஏவிய ரோகிணி ராக்கெட்டில், 84 கிலோமீட்டர் உயரத்தில் தன் காற்றடைத்த வேகத்தடுப்பானை விரித்துப் பார்த்தது.

தோல்விகளும் உண்டு. 2007இல் நாசாவின் முதல் சோதனைக் கவசம் ராக்கெட்டிலிருந்து பிரியவே இல்லை. 2009இல் அதே முயற்சி வென்றது. 2020இல் சீனாவின் கவசம் திரும்பும்போது பழுதானது. இத்தகைய பழுதுகளின் முழு விவரத்தையும் வெளியிடுங்கள். அடுத்தவர் அதே இடத்தில் இடற வேண்டாம்.

நான் கேட்பது இதுதான். எப்படியும் எரியப்போகும் அடுத்த சரக்குக் கலத்தில், மடித்த கவசம் ஒன்றுக்கு ஒரு மூலை ஒதுக்குங்கள். இழந்தாலும் இன்னொரு பிரதி இருக்கும் மாதிரிகளை முதலில் அதில் வையுங்கள். ஒரு முறையோடு நிறுத்தாமல், புறப்படும் ஒவ்வொரு கலத்திலும் அனுப்புங்கள்.

நம்பிக்கையுடன்,
விண்வெளி ஆய்வுகளைத் தொடர்ந்து கவனித்துவரும் ஒரு வாசகன்