ப்ரூக் தெரு வீடுகள்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். மாலதியின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ஃபோனில் 'ம்' போட்டே தப்பிக்கிறாய், அதனால்தான் கடிதம்.

லண்டனில், மேஃபேரின் ப்ரூக் தெருவில் 23, 25 என்று ஒட்டிக் கட்டிய இரண்டு செங்கல் வீடுகளைப் பார்த்தேன்டா. இரண்டும் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை. 25-இல் இசையமைப்பாளர் ஹாண்டல் 1723-இல் முதல் குடித்தனமாக வந்தார். 1759-இல் இறக்கும்வரை வாடகைக்கே இருந்தார். 23-இன் மேல்மாடியில் 1968-69-இல் ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ். நடுவில் ஒரே ஒரு சுவர்!

அகலம் கிடைக்காத மனை, அதனால் வீடு உயரத்தில் வளர்ந்திருக்கிறது. மாடிக்கு முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று, பக்கத்தில் படிக்கட்டு. சமையல் நிலவறையில். தரைத்தளத்தில் ஹாண்டல் வந்தவர்களைப் பார்ப்பார். முதல் மாடி முன்னறையில் ஒத்திகை, பின்னறையில் இசை எழுதுவது, அதற்கும் மேலே படுக்கை, உச்சியில் வேலைக்காரர்கள். ஒத்திகை அறைக்குள் நின்றபோது அது எவ்வளவு சின்னது என்று திகைத்துவிட்டேன். அவ்வளவு பெரிய இசை இதற்குள்ளா?

சரி, இப்போது நம் பழைய சண்டை: பழைய கட்டடத்தில் பின்னால் வந்த மாற்றங்களைத் துடைத்து, முதலில் இருந்தபடி ஆக்கலாமா? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 25-இன் கீழ்த்தளத்தைக் கடையாக்கி முகப்பை மாற்றிவிட்டார்கள். இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் இந்த வீடுகளை 2023-இல் மறுபடி திறந்தபோது முகப்பைப் பழையபடி கட்டி, நிலவறைச் சமையலறையையும் அமைத்திருக்கிறார்கள். ஹாண்டல் இறந்தபின் எடுத்த சாமான் பட்டியல் கையில் இருந்திருக்கிறது. ரங்கன் வாத்தியாரிடம் நீ மல்லுக்கு நின்றது இதே விஷயம்தானே? பின்னால் வந்த கடையும் ஒரு வீட்டின் வரலாறுதான், அதைத் துடைக்க நாம் யார் என்று கேட்டாயே.

அன்று நான் வாத்தியார் பக்கம். இன்றும் சமையலறையை ஏற்கிறேன், பட்டியல் சாட்சி இருக்கிறது. ஹென்ட்ரிக்ஸ் அறையைப் பழையபடி அமைத்ததையும் ஏற்கிறேன். அங்கே எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. ஆனால் முகப்பில் எது 18ஆம் நூற்றாண்டுச் செங்கல், எது நேற்று வைத்தது என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அது என்னை உறுத்துகிறது. இன்னும் 50 வருஷத்தில் யாருக்குமே தெரியாதே!

நீ என்ன நினைக்கிறாய்? எடுத்த படங்களைப் பாஸ்கரிடம் கொடுத்தனுப்புகிறேன். முகப்பை நன்றாகப் பார்த்துவிட்டுத் திட்டு.

அன்புடன்,
மூர்த்தி