சான்றிதழில் பெயர் எங்கே?

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
நினைவுப்பொருள் விற்பனை நிறுவனம், சிட்னி.

பொருள்: 'அசல் பழங்குடிக் கைவேலை' என்று விற்கப்பட்ட டிஜெரிடூ (ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் நீண்ட மரக்குழல் வாத்தியம்)

ஐயா / அம்மையீர்,

சென்ற மாதம் உங்கள் கடையில் 240 டாலருக்கு ஒரு டிஜெரிடூ வாங்கினேன். பணி ஓய்வு பெறும் நண்பருக்குப் பரிசு. அவர் தச்சர். குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவர், "இது கரையான் வேலை இல்லை, துளைக்கருவி வேலை" என்றார். வட ஆஸ்திரேலியாவின் ஆர்னெம் லாண்டில் கரையான் உள்ளே அரித்த யூகலிப்டஸ் மரத்தைத் தேடித்தான் வெட்டுவார்கள். உட்புறம் கோணல்மாணலாக இருக்கும். உங்களுடையது தண்ணீர்க் குழாய்போல நேராக இருக்கிறது. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தேன். அலமாரியில் இன்னும் மூன்று நின்றன. நான்கிலும் ஒரே உடும்பு ஓவியம். அதன் இடது பின்காலில் ஒரே இடத்தில் வெள்ளைப் புள்ளி வழிந்திருந்தது. கையால் தீட்டியவருக்கு நான்கு முறையும் அங்கேயேதான் கை தவறியதா?

சான்றிதழில் தங்க முத்திரை இருக்கிறது. ஓவியர் பெயர் இல்லை, ஊர் இல்லை, எந்தக் குலத்தின் சித்திரம் என்பதும் இல்லை. கையெழுத்து மட்டும் உங்கள் இயக்குநருடையது. அவரா வரைந்தார்?

"இதெல்லாம் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழைய வடிவங்கள், யாருக்கும் சொந்தமில்லை" என்றார் உங்கள் விற்பனையாளர். அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை, சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார். ஆனால் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். பழங்குடி ஓவியர்களின் படங்களை அனுமதியின்றி வியட்நாமில் கம்பளங்களாக நெய்து பெர்த் நிறுவனம் ஒன்று இறக்குமதி செய்தது. 1994இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த வழக்கில் சுமார் 1,88,000 டாலர் இழப்பீடு விதித்தது. ஓவியர்களுக்கு உரிமத்தொகை போகிறது என்று அந்தக் கம்பளங்களிலும் அட்டை தொங்கியது! 1998இல் பழங்குடி ஓவியர் புலுன் புலுன் தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றம், குல வழக்கத்துக்கு மாறாகத் தம் படத்தைப் பயன்படுத்த ஓவியருக்கே உரிமை இல்லை என்ற அளவுக்குப் போனது. இந்தோனேசியாவில் செய்த பூமராங், டிஜெரிடூ போன்ற பொருள்களைப் பழங்குடிக் கைவேலை போலக் காட்டி 18,000க்கு மேல் விற்ற மொத்த வியாபாரிக்கு 2019இல் 23 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரியாமலிருக்காது.

இதைத் தீட்டியவர் பெயர், ஊர், அவருக்குப் போன தொகை ஆகியவற்றை 14 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டு, மற்ற மூன்றின் சான்றிதழ்களையும் அகற்றுங்கள். தள்ளுபடிக் கூப்பன் வேண்டாம். ஒன்று ஏற்கெனவே வந்து சேர்ந்தது. பதில் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்வேன்.

ரசீதின் நகலும் நான்கு உடும்புகளின் புகைப்படமும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்